ஏழாம் எண்

“அந்த ஒரு சிவப்பை எடுத்துடும்மா. கண்ணை உறுத்துது,” என்றார் முதலாளி.

சின்னக் குழந்தைகளின் வளர்ச்சியைக் கவனிக்கும் செயலி அது. சோதனைக்காக நாற்பது தாய்மார்கள் மருத்துவமனைகள் வழியாகச் சேர்ந்திருந்தார்கள். பிள்ளை எப்போது தவழ்ந்தது, எப்போது பேசியது என்று அவரவர் கைப்பேசியில் குறிப்பார்கள். எல்லாம் சரியென்றால் திரையில் ஒரு பச்சை வாத்து ஆடும். இல்லையென்றால் சிவப்பு வாத்து நின்றுகொண்டு, மருத்துவரைப் பார்க்கச் சொல்லும். அலுவலகத்தில் யாருக்கும் பெயர்கள் தெரியாது, எண்கள்தான். அந்தரங்கம் முக்கியம் என்று அந்த விதியைப் போட்டவரே முதலாளிதான்.

முப்பத்தொன்பது வாத்துகள் ஆடின. ஏழாம் எண் மட்டும் சிவப்பாக நின்றது. நாளை, பணம் போடப்போகிறவர்கள் பார்க்க வருகிறார்கள்.

செயலியை வடிவமைத்தவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். அந்தப் பையனுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. வாசல் மணி அடித்தாலும் திரும்புவதில்லை என்று நேற்று அந்தத் தாய் குறித்திருந்தாள். இதற்கெல்லாம் இரண்டு வயதுதான் எல்லை என்று சொன்னது, செயலிக்கு ஆலோசனை தரும் மருத்துவர்.

“டாக்டர்னா பயமுறுத்தத்தான் செய்வாங்க, அது அவங்க பொழப்பு. நீ மூணுன்னு மாத்து.” முதலாளி கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அப்பன்காரன் ஒருநாளாவது வீட்ல வாயைத் திறந்து பேசினா, பிள்ளையும் தானா பேசிட்டுப் போகுது. எங்கிருந்துதான் வர்றாங்களோ இந்த மாதிரி அப்பனுங்க.”

‘நானும் ஒரு தகப்பன்’ என்றுதான் எல்லாக் கூட்டத்தையும் அவர் தொடங்குவார். மேசையில் அவருடைய மகனின் படம், வருகிறவர்கள் பார்க்க வசதியாக வெளிப்பக்கம் திரும்பியிருந்தது.

எதிர்த்துப் பேச அவள் மனதுக்குள் மூன்று வாக்கியங்கள் தயாரித்தாள். மூன்றுமே நல்ல வாக்கியங்கள். ஆனால் போன மாதம் எதிர்த்துப் பேசியவரின் நாற்காலி இன்னும் காலியாகக் கிடந்தது. ஒரே ஒரு எண்ணைத்தானே மாற்றுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசாட்சிக்கு இப்படிச் சமாதானம் சொல்ல மனிதர்கள் எத்தனை வயதில் கற்றுக்கொள்கிறார்கள் என்பதை எந்தச் செயலியும் குறித்துவைப்பதில்லை.

இரண்டை அழித்தாள். மூன்றை அடித்தாள். நாற்பதாவது வாத்தும் ஆடத் தொடங்கியது.

“பாத்தியா, ஒரு நிமிஷத்துல பிள்ளைக்குச் சரியாயிடுச்சு,” என்று சிரித்த முதலாளி, எல்லோருக்கும் காபி சொன்னார்.

காபி வருவதற்குள் அவருடைய கைப்பேசி அடித்தது. மனைவி. வழக்கமாகத் துண்டித்துவிடுவார். இன்று நல்ல மனநிலையில் இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு, “சொல்லு,” என்றார்.

“ஏங்க, சொன்னா திட்டுவீங்கன்னுதான் சொல்லலை. நம்ம பையனை உங்க ஆப்ல சேர்த்திருந்தேன். மூணு வாரமா சிவப்பாவே இருந்துச்சு, இப்பதான் பச்சையாச்சு.” அந்தக் குரலில் அத்தனை நிம்மதி. “நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறதா இருந்தேன். போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிட்டேங்க. நான்தான் வீணா பயந்துட்டேன்.”