ஃபிரிட்ஜ் கொட்டிய 'ம்'

எங்கள் அபார்ட்மென்டில் மாதா மாதம் ஒலிப் பட்டறை நடக்கும். எந்த வீட்டுச் சாமான் எப்படிச் சத்தம் போட வேண்டும் என்று எல்லோரும் கூடி உட்கார்ந்து, செய்து பார்த்து முடிவெடுப்போம். எங்கள் ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தால் மணியோசை வரட்டும் என்றார் மேல்வீட்டு ஸ்டெல்லா.

என் மனைவி பூங்கோதை விடவில்லை. "இவர் 'ம்'னு சொல்ற மாதிரியே வைக்கலாம். நான் என்ன பேசினாலும் வீட்டுல அதுதானே பதில்?"

கூட்டமே சிரித்தது. நானும் வீறாப்பாக மைக்கில் 'ம்' கொட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மாமனார் காரைக்குடியிலிருந்து தவிலோடு வந்து இறங்கினார். புதிதாகக் கற்றுக்கொள்கிறாராம். விடியற்காலையிலேயே சாதகம்.

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?" என்றேன் பூங்கோதையிடம்.

"கேட்டேனே! தயிர் எடுக்கும்போது, 'அப்பா வந்து நம்மகூடத் தங்கட்டுமா'ன்னேன். 'ம்'னீங்க."

"அது ஃபிரிட்ஜ்டி!"

"உங்க குரல்தானே?"

அடுத்த பட்டறைக்கு முதல் ஆளாகப் போய், சண்டை போட்டு, ஃபிரிட்ஜின் சத்தத்தை "ம்ஹூம்" என்று மாற்றினேன். இனி எதற்கும் நான் சம்மதித்ததாக யாரும் சொல்ல முடியாது.

நிம்மதியாக வீட்டுக்கு வந்தால், மாமனார் தவிலைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"அப்ப நான் ஊருக்குக் கிளம்பட்டுமா மாப்பிள்ளை?"

நான் வாயைத் திறப்பதற்குள், அவருக்கு மோர் எடுக்கப் பூங்கோதை ஃபிரிட்ஜைத் திறந்தாள்.

"ம்ஹூம்!" என்றது என் குரல்.

மாமனார் நெகிழ்ந்துபோய்த் தவிலை இறக்கி வைத்தார்.