பின்வாசல் பாஸ்டர்

"நம்ம மேயர்கூட தேர்தலுக்கு ஒரு தடவை முகத்தைக் காட்டுறார். உங்க ஆள் ரெண்டாயிரம் வருஷமா தலையே காட்டலையே, பாஸ்டர்?"

டாக்டர் பெலார்மினோ கேட்டதும் பள்ளிக்கூட ஹால் குலுங்கிச் சிரித்தது.

"மேயர் முகத்தைக் காட்டினதால ஊருக்கு என்ன வந்துச்சு டாக்டர்? ரோடு வந்துச்சா?" என்றார் பாஸ்டர் எலியேசர்.

இதற்கு இன்னும் பலமான சிரிப்பு. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த மேயர் மட்டும் சிரிக்கவில்லை.

'கடவுளுக்கு ஆதாரம் உண்டா?' என்ற இந்த விவாதம் அந்தச் சின்ன பிரேசில் ஊரில் வருஷா வருஷம் நடப்பதுதான். ஊருக்கு ஒரே டாக்டரான பெலார்மினோ நாத்திகர். எலியேசர் சுவிசேஷ சபையின் பாஸ்டர். முடிவு எதுவும் வராது. எல்லோரும் காபி குடித்து, சீஸ் ரொட்டி தின்றுவிட்டுக் கலைவார்கள்.

இந்த முறை கசாப்புக் கடை ஜூவெனால் எழுந்து நின்றான்.

"ஆதாரம்தானே கேட்டீங்க? இந்தா, எங்க பாஸ்டரே ஆதாரம். போன வருஷம் இவருக்குச் சர்க்கரை முந்நூத்தைம்பது. கண்ணே மங்கிப் போச்சு. சபை முழுக்க உபவாசம் இருந்து ஜெபிச்சோம். இப்ப பாருங்க, ஆள் காளை மாதிரி இருக்கார். உங்க டாக்டர் படிப்பு இதுக்கு என்ன சொல்லுது?"

ஹாலே டாக்டரைப் பார்த்தது.

டாக்டரின் மனைவி சூலெய்தே நாற்காலி நுனிக்கு நகர்ந்தாள். கிளினிக்கில் ஊசி போடுவது அவள்தான். தினமும் காலையில் வாழைத் தோட்டம் வழியாக, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு, பின்வாசலில் வந்து நிற்கிற காளையை அவளுக்கு நன்றாகத் தெரியும். ஜெபத்தால் குணமாகிவிட்டது என்று சபை கொண்டாடிய நாளில் மறுத்துச் சொல்ல பாஸ்டருக்கு வாய் வரவில்லை. அன்றிலிருந்து பின்வாசல்தான்.

'சொல்லு, போட்டு உடை' என்று அவள் கண்ணாலேயே புருஷனைக் கிள்ளினாள்.

பாஸ்டர் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இதுக்கு என்கிட்ட பதில் இல்லை," என்றார்.

பிரேசில் கோல் போட்டிருந்தால்கூட அந்த ஹால் அப்படிக் கத்தியிருக்காது. அல்லேலூயா கூரையைத் தூக்கியது.

வீட்டுக்கு நடக்கும்போது வழி நெடுக, "டாக்டர், ஞாயித்துக்கிழமை சபையில பார்க்கலாமா?" என்று கேலி. சூலெய்தேவுக்குக் காது சிவந்துவிட்டது.

"வாயில என்ன வச்சிருந்தே, கொய்யா மிட்டாயா?"

"நோயாளி விஷயத்தை வெளிய சொல்லக் கூடாது."

"நாளைக்கு எவனாவது மாத்திரையைத் தூக்கிக் கடாசிட்டு ஜெபத்துல உட்காருவான். அப்ப என்ன செய்வே?"

"அந்தப் பயம் எனக்கும் இருக்கு. அவருக்கும் இருக்கும். ரெண்டு நாள் பொறு."

"உன்னைவிட அந்த ஆளே தேவலை. அவர் கடவுளையாவது நம்புறார். நீ அவரை நம்புறே."

டாக்டர் நடையைக் கொஞ்சம் வேகப்படுத்தினார்.

திங்கட்கிழமை காலை பின்வாசலுக்கு யாரும் வரவில்லை. சூலெய்தே இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். மூன்றாவது முறை பார்க்கப் போகையில் கிளினிக்கின் முன்பக்கம் திடீரென்று பேச்சு நின்றது.

வாசல் வழியாக, தொப்பி இல்லாமல், பாஸ்டர் எலியேசர் வந்துகொண்டிருந்தார். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் அவர் சபை. கால் வீக்கத்தோடு ஜூவெனாலும் உட்கார்ந்திருந்தான்.

"யாரைப் பார்க்க வந்தீங்க பாஸ்டர்?" என்றான் ஜூவெனால்.

"ஊசி போட வந்தேன். சர்க்கரைக்கு. போன வருஷத்துல இருந்து தினமும் போடுறேன். உங்க யார்கிட்டயும் சொல்ல எனக்குத் தைரியம் வரலை. மன்னிச்சிடுங்க."

ஜூவெனால் வீங்கின காலை ஊன்றி எழுந்தான்.

"அப்ப நாங்க இருந்த உபவாசம்?"

"வீண் போகலை. உனக்கு நாலு கிலோ குறைஞ்சுதே," என்றார் பாஸ்டர்.

யாரோ ஒரு கிழவி முதலில் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். ஜூவெனால் மட்டும் கடைசியில், வேறு வழியில்லாமல் சிரித்தான். பாஸ்டருக்குக் கண் நிறைந்திருந்தது.

கூட்டம் போனதும் சூலெய்தே புருஷன் எதிரில் வந்து நின்றாள்.

"சரி, நீ நினைச்ச மாதிரியே அவரே வாயைத் திறந்துட்டார். ஒத்துக்கிறேன். ஆனா உன் குட்டு ஒண்ணு அவர் கையில இருந்திருந்தா, அன்னைக்கு மேடையில உன்னைச் சும்மா விட்டிருப்பாரா?"

டாக்டர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இருக்கு. ரெண்டு வருஷமா."

"என்ன?"

"உனக்கு நம்ம கிளினிக்லயே ஆபரேஷன் நடந்துச்சே, அன்னைக்கு. என் கை நடுங்குதுன்னு வெளியூர்ல இருந்து வந்த சர்ஜன் என்னை வெளிய அனுப்பிட்டார். எதிர்ல பாஸ்டரோட சபைக் கதவு திறந்திருந்துச்சு. உள்ள ஒருத்தரும் இல்லைன்னு முழங்கால் போட்டேன். வாய்விட்டுக் கெஞ்சினேன். அழுதேன்."

சூலெய்தே அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பலிச்சுதான்னு கேக்காதே. சர்ஜன் கெட்டிக்காரர்."

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றாள். "பாஸ்டருக்கு எப்படித் தெரியும்?"

"ஆளையே முக்கி எடுக்கிற ஞானஸ்நானத் தொட்டியில இறங்கிப் பாசி தேய்ச்சுக்கிட்டு இருந்திருக்கார். பாதி அழுகையில நிமிர்ந்து பார்க்கிறேன், தொட்டி விளிம்புல ஒரு தலை, கையில பிரஷ். என்னைப் பார்த்தார். சத்தமே இல்லாம மறுபடி உள்ள இறங்கிட்டார். நான் எழுந்து போற வரைக்கும் அந்தப் பாசித் தண்ணிக்குள்ளதான் கிடந்தார். இன்னைக்கு வரைக்கும் யார்கிட்டயும் மூச்சு விடலை."