ஓட்டு எண்ணிய பிறகு பிரிக்கவும்

இந்தக் காலத்தில் ஒருத்தனையும் நம்ப முடிவதில்லை. நேற்று "ஒழிக" போட்ட வாய், இன்றைக்கு அதே ஆளுக்குக் கூசாமல் "வாழ்க" போடுகிறது. கன்னையன் இப்படி முனகிக்கொண்டேதான் சகாயராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

வாசலில் ஆட்டோவிலிருந்து பனியன் மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஓட்டுப்பதிவுக்கு இன்னும் மூன்றே நாள்.

சாயப்பட்டறைக் கழிவால் கன்னையன் வீட்டு போர்வெல் தண்ணீர் சிவந்த நாளிலிருந்து, எம்.எல்.ஏ. தனபாலை எதிர்த்து மறியல், உண்ணாவிரதம் என்று ஓயாமல் நின்றவன் சகாயராஜ். தூத்துக்குடியிலிருந்து பிழைக்க வந்தவன். ஆனாலும் ஊரில் கன்னையன் நம்பிய ஒரே ஆள். அவன்தான் ஒரு வாரமாக அதே தனபாலுக்கு வீடு வீடாக ஓட்டுக் கேட்கிறான்.

"ஏப்பா, நீயும் வெல போயிட்டயாக்கும்?"

"சத்தியமா ஒரு டீ கூட வாங்கிக் குடிக்கல, அண்ணாச்சி."

"அப்பறம் இத்தன மூட்ட? ஊட்டுக்கு ஒண்ணு குடுத்து ஓட்டு வாங்கறதுக்குத்தான?"

"இப்ப யாருக்கும் கெடையாது. மேலயே எழுதிருக்கேன், பாருங்க."

கன்னையன் எழுத்துக்கூட்டிப் படித்தார். 'ஓட்டு எண்ணிய பிறகு பிரிக்கவும்.'

"ஓஹோ! செயிச்சாத்தான் குடுப்பீங்களோ? வெவரமான ஆளுகதான்! ஏப்பா, எதுத்து நிக்கற தரணீதரன் சாயப்பட்டறையப் பூட்டறேங்கறான். நல்லவனாட்டத்தான் தெரியறான். அவன உட்டுப்போட்டு..."

"ரொம்ப நல்லவரு, அண்ணாச்சி. அவரு ஜெயிச்சிரக் கூடாதேன்னு தெனம் மாதாகிட்ட மெழுகுவத்தி ஏத்துறேன்."

அதற்குமேல் கன்னையனுக்குப் பொறுக்கவில்லை. மூட்டைத் தையலின் நூல் நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு. பனியன் கம்பெனியில் முப்பது வருஷம் செக்கிங் பார்த்த கை அது. ஒரு பனியனை உருவி விரித்தார்.

நெஞ்சில் கொட்டை எழுத்தில், சிவப்பாக: 'தனபாலே, பதவி விலகு!'

"ரெண்டாயிரம் பீஸு." சகாயராஜ் தலையைச் சொறிந்தான். "எப்படியும் இவன்தான் மறுபடி வருவான்னு முன்னாலயே பிரிண்ட் போட்டுட்டேன். தோத்துட்டான்னா இத எவன் போடுவான்?"

கன்னையன் அந்த எழுத்தைக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தார். விரல் சிவந்தது. பனியனை மூட்டை மேல் வீசிவிட்டு, திரும்பிப் பாராமல் நடந்தார்.

"இத அலசற தண்ணியும் எங்கூட்டு போருக்குத்தானப்பா வரும்!"