கவிழ்ந்தது உப்புமா அரசு

சட்டப்படி எல்லா வீடுகளையும் போல எங்கள் வீட்டுக்கும் இரண்டு அவைகள். நானும் மனைவி மங்கையர்க்கரசியும் மகள் யாழினியும் கீழவை. கோவையிலிருந்து திரையில் வந்து உட்காரும் என் அப்பா, அம்மா மேலவை. கல்யாணமான நாளிலிருந்து மங்கைதான் பிரதமர். சமையல், துணி துவைப்பது, செலவு எல்லாம் பிரதமர் பொறுப்பு.

நேற்றும் காலையில் உப்புமா. யாழினி தட்டைத் தள்ளிவிட்டு, “நம்பிக்கையில்லாத் தீர்மானம்!” என்று கத்தினாள்.

சுவரிலிருந்த சபாநாயகர் இயந்திரம் ரகசிய வாக்கெடுப்பு நடத்தியது. நானும் அரசை எதிர்த்தே ஓட்டுப் போட்டேன். கவிழ்த்துவிட்டு மங்கையையே மறுபடி தேர்ந்தெடுத்தால், பயந்துபோய் தோசைக்கு மாறிவிடுவாள் என்று கணக்கு.

“அரசுக்கு எதிர்ப்பு மூன்று, ஆதரவு இல்லை. அரசு கவிழ்ந்தது.”

மூன்றா? நாங்கள் இருவரும் மங்கையைப் பார்த்தோம். அவள் நிதானமாக ஏப்ரனைக் கழற்றினாள்.

திரையில் அம்மா பதறினாள். “செல்லாது! என் பிள்ளைக்கு வெந்நீர்கூட வைக்கத் தெரியாது. மேலவை ஒத்துக்காது!”

“மேலவை மசோதாவைத் திருப்பி அனுப்பலாம். அரசை அமைப்பதும் கவிழ்ப்பதும் கீழவை மட்டுமே,” என்றது இயந்திரம்.

யாழினி சிரித்துக்கொண்டே என் பெயரை முன்மொழிந்தாள். மங்கை வழிமொழிந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரும்பான்மை வந்துவிட்டது.

மங்கை ஏப்ரனை என் தோளில் போட்டுவிட்டு, என் நாற்காலியில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

“கேள்வி நேரம். மாண்புமிகு பிரதமரே, காபி எங்கே?”