நாலு மணி, பள்ளிக்கூடம்

வேன் ஓடிய தூரத்தை எழுதிவைக்கும் பயண நோட்டு மேசைமேல் விரிந்திருக்கிறது, அதில் சன்னல் வெயில் விழுகிறது. வரிக் கணக்கர் பென்சில் முனையை வரிவரியாக நகர்த்துகிறார். எதிரே வேனின் சொந்தக்காரரான லிஃப்ட் மெக்கானிக்கும் அவர் மனைவியும். "தொழிலுக்கு ஓடுன தூரத்துக்கு மட்டும்தாங்க வரியில கழிவு கிடைக்கும். சொந்த ஓட்டத்தைத் தனியாப் பிரிக்கணும்," என்கிறார் கணக்கர். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது, விரலால் அழுத்திக்கொள்கிறார். "தினமும் நாலு மணிக்குப் பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கீங்களே, அங்க லிஃப்ட் இருக்கா?" மெக்கானிக் உள்ளங்கையில் ஊறிப்போன கிரீஸ் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தபடி இருக்கிறார். "இல்லைங்க. பொண்ணைக் கூட்டிட்டு வர." "அப்ப அது சொந்தம்," என்று கணக்கர் பென்சிலால் வட்டமிடுகிறார். மனைவி நோட்டைத் தன் பக்கம் திருப்புகிறாள். எல்லாம் இந்த வருடத்துத் தேதிகள். மகள் இறந்து இரண்டு வருடம் முடிந்துவிட்டது. பக்கம் பக்கமாகப் புரட்டுகிறாள். ஒரு பள்ளி நாள்கூட விடுபடவில்லை. வெளியே ஏதோ வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போகிறது. "அங்க போயி என்னங்க பண்றீங்க?" அவள் குரல் கணவனுக்கு மட்டுமே கேட்கிறது. "ஒண்ணுமில்ல. பள்ளிக்கூட கேட்டுக்கு எதிர்ல வண்டிய நிறுத்திட்டு உட்கார்ந்திருப்பேன்," என்கிறார் அவர். "கடைசிப் பிள்ளையும் வீட்டுக்குப் போனதும் கிளம்பிடுவேன்."