ஒரே தாளம்

“இது என்னம்மா, கொல்லன் துருத்தியா? இல்ல, உன் வீட்டு நாய் குறட்டை விட்டதையும் சேர்த்துப் பதிவு பண்ணிட்டியா?”

ராஸ்கோ வான்ஹூஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் போட்டார். எதிரே கிட்டார் பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்த ஓபல் ஸ்லோன் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய முதல் ஆல்பம் அது. ஒன்பது பாட்டுகள். எழுதியது, பாடியது, அட்டைப்படம் ஒட்டியது எல்லாம் அவளேதான்.

அமெரிக்காவின் கிழக்குக் கென்டக்கியில், நிலக்கரிச் சுரங்கங்கள் சூழ்ந்த அந்தப் பள்ளத்தாக்கில் சனிக்கிழமை காலை என்றால் ரேடியோவில் ராஸ்கோவின் நாட்டுப்பாடல் நிகழ்ச்சிதான். அவர் ஒரு பாட்டைப் போட்டால் மளிகைக் கடையிலிருந்து சர்ச் வாசல்வரை அதுதான் பேச்சு. போடாவிட்டால் அந்தப் பாட்டுக்காரர் பிறக்கவே இல்லை என்று அர்த்தம். இன்றைய நிகழ்ச்சி தொடங்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

ஸ்பீக்கரில் ஓபலின் குரலுக்குப் பின்னால் அந்தச் சத்தம் விடாமல் ஓடிக்கொண்டிருந்தது. டுப்... உஸ்ஸ்... டுப்... உஸ்ஸ்...

“எட்டுப் பாட்டுலயும் இதே இழவு! பட்டணத்துப் பசங்கதான் இப்படிப் பண்ணுவானுங்க. பழசு மாதிரி தெரியட்டும்னு ஓட்டை உடைசல் சத்தத்த எல்லாம் பின்னால சேர்ப்பானுங்க. நீயுமா?”

“நான் சேர்க்கல சார். வீட்ல வச்சுப் பாடினேன். அதுவும் கூடவே வந்துடுச்சு.”

“தாளம் யாரு?”

“அப்பா.”

ராஸ்கோ நாற்காலி ஆடும்படி சிரித்தார். “உங்கப்பாவுக்கு இந்த ஒரு தாளம்தான் தெரியுமா? கல்யாணப் பாட்டுக்கும் இதே அடி, சாவுப் பாட்டுக்கும் இதே அடி!”

“அவரு வேகம் அதுதான் சார். நான்தான் அதுக்கு ஏத்தாப்ல பாடினேன்.”

“வெளங்கிடும்! இதுல எல்லாம் சுரங்கத்துப் பாட்டு வேற. அதுக்கெல்லாம் ஒரு உண்மை வேணும்மா. இந்த மண்ணோட ஆளு நான். எங்கிட்டயே கதை விடாத.”

அவருக்குப் பின்னால் சுவரில், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் ஹெல்மெட் விளக்கோடு பளபளவென்று தொங்கியது. ஏலத்தில் எடுத்தது. அதைத் தலையில் கவிழ்த்து எடுத்த படம்தான் நிகழ்ச்சியின் விளம்பரத்தில் இருக்கும். மற்றபடி ராஸ்கோ சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. லிஃப்டில் இறங்கினாலே அவருக்குத் தலை சுற்றும்.

அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் நடீன் காபியோடு உள்ளே வந்தார். இரண்டடி வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தச் சத்தத்தக் கேட்டு வருஷக்கணக்காச்சு, ராஸ்கோ.”

“உனக்கே தெரியுமா? அப்ப இது திருட்டுப் பாட்டா?”

“பாட்டச் சொல்லலப்பா.” நடீன் கோப்பையை வைத்துவிட்டு ஓபலைப் பார்த்தார். “நீ யாரு வீட்டுப் பொண்ணு, கண்ணு?”

“சுரங்கத்துல வேலை பாத்த ஹார்லி ஸ்லோன் பொண்ணு.”

நடீன் அவள் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார்.

“பாத்தியா? அவளாலயே தாங்க முடியல, ஓடிட்டா!” ராஸ்கோ காபியை உறிஞ்சினார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தினார். கடைசிப் பாட்டு வந்தது. உஸ்ஸும் இல்லை, டுப்பும் இல்லை. கிட்டாரும் ஓபலின் குரலும் மட்டும்.

“இதுக்குப் பேரு பாட்டு. கண்ணாடி மாதிரி சுத்தமா இருக்கு. இதுல மட்டும் உங்கப்பாவக் காணோமே?”

“இதுல அவரு இல்ல சார்.”

“அதான் உருப்படியா வந்திருக்கு. அடுத்த ஆல்பத்துலயும் அந்த மனுஷனச் சேர்க்காத, சொல்லிட்டேன். இன்னைக்கு இதைத்தான் போடப் போறேன். சந்தோஷமா?”

ஓபல் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள். “இது வேணாம் சார். மத்த எட்டுல எதுனாலும் போடுங்க. அப்பாவுக்கு உங்க நிகழ்ச்சின்னா உசிரு. ஒருதடவையாவது ரேடியோவுல வந்துடணும்னு ரொம்ப ஆசை.”

“ஆசையப் பாரு! தாளமே தெரியாத ஆளுக்கு ரேடியோ கேக்குதோ? போட்டா கடைசிப் பாட்டு. இல்லன்னா உன் இசைத்தட்ட எடுத்துட்டு நடையக் கட்டு.”

“அப்பக் குடுத்துடுங்க சார்.”

ராஸ்கோவுக்குப் புரை ஏறியது. அந்த அறையில் அவர் காலில் விழாத குறையாகக் கெஞ்சியவர்கள் உண்டு. கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவர்கள் இல்லை.

தட்டை எடுத்து இரண்டு விரலால் நீட்டினார், ஏதோ அசிங்கத்தைப் பிடித்தவர் மாதிரி. “இவ்வளவு ரோஷம் வருதே! போறப்ப ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போ. அப்படி என்ன பெரிய வாத்தியம் வாசிச்சுக் கிழிச்சாரு உங்கப்பா?”

ஓபல் தட்டைத் துடைத்து உறைக்குள் வைத்தாள்.

“வாத்தியமில்ல சார், அவரோட ஆக்சிஜன் மிஷின், கடைசிப் பாட்டு பாடுறதுக்குள்ள அத நிறுத்திட்டோம்.”