பூக்காட்டில் ஒரு சோதனை

"எட்டு... ஒம்பது... பத்து. ஏலே, இன்னும் ஒரு ஆளு எங்க?"

போர்மேன் பெத்தணன் பஸ் வாசலில் நின்று மூன்றாம் தடவையாக எண்ணினார்.

தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனி ஒன்று, நன்றாக உழைத்த பதினோரு பேரைத் தாய்லாந்துக்கு அனுப்பியிருந்தது. பாங்காக்கைச் சுற்றலாம் என்று வந்தவர்களை, வழிகாட்டிப் பெண் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைத்து, சையாபூம் என்ற மாகாணத்தில் காட்டுப்பூ பார்க்க இறக்கிவிட்டாள்.

தேசியப் பூங்கா முழுக்க இளஞ்சிவப்புப் பூ.

"நம்ம மஞ்சச்செடி மாதிரில்ல இருக்கு! இதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்?" என்று தங்கப்பாண்டியன் புலம்பினான். கேமராவில் ரோல் போடக்கூட அவனுக்கு மனசு வரவில்லை.

"பூவைத் தொட்டுறாதீக. பறிச்சா பாஸ்போர்ட்டைப் பிடுங்கிருவாகளாம். கம்பெனி பேரு கெட்டா அடுத்த வருசம் யாருக்கும் டூர் கிடையாது" என்று காலையிலேயே சொல்லியிருந்தார் பெத்தணன்.

பதினோராவது ஆள் கருப்பணன். மருந்து கலக்கும் அறையில் வேலை. புல்லுக்குள் குனிந்து குனிந்து, எதையோ பொறுக்கி மஞ்சப்பையில் போட்டபடி வந்தான்.

"பாத்தீகளா அண்ணாச்சி, கிழங்கைத் தோண்டுதான்! நம்ம அம்புட்டுப் பேரையும் ஜெயில்ல வச்சிட்டுத்தான் ஓய்வான்" என்றான் தங்கப்பாண்டியன்.

பூங்காக் காவலாளி வேறு பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பெத்தணனுக்கு வியர்த்துவிட்டது. இருபத்திரண்டு வருசமாகக் கம்பெனி கேட்டில், தீப்பெட்டி இருக்கிறதா என்று தினமும் இருநூறு பேர் மடியைத் தடவிப் பார்க்கிறவர் அவர்.

"கையைத் தூக்குலே!"

கருப்பணன் பழக்கதோசத்தில் செருப்பையும் கழற்றிவிட்டுக் கையைத் தூக்கினான். ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று நினைத்து வழிகாட்டிப் பெண்ணும் கைகூப்பினாள்.

"பையைக் கொடு."

"வேண்டாம் அண்ணாச்சி. ஊருக்குப் போயி பேசிக்கிடுவோம்."

"திமிரைப் பாத்தீகளா? கொட்டுங்க அண்ணாச்சி!" தங்கப்பாண்டியன் குதித்தான்.

பெத்தணன் பையைச் சீட்டின் மேல் கவிழ்த்தார்.

பூவும் இல்லை, கிழங்கும் இல்லை. புகைத்துப் போட்ட துண்டுகள்.

"என்னலே இது?"

"நம்ம ஆளுக போட்டதுதான். மழை ஈரம், தீப்பிடிக்காதுன்னு தெரியும். இருந்தாலும் துண்டைக் கண்டா கை சும்மா இருக்க மாட்டேங்குது."

தங்கப்பாண்டியன் ஜன்னல் வழியாக ரொம்ப அக்கறையாகப் பூ பார்க்க ஆரம்பித்தான்.

எதைக் கண்டாலும் எண்ணாமல் பெத்தணனால் இருக்க முடியாது. எண்ணினார்.

சிகரெட் துண்டு ஆறு. பீடித் துண்டு பதினேழு.

அந்தப் பதினோரு பேரில் பீடி குடிக்கிறவர் பெத்தணன் ஒருத்தர்தான்.